இரண்டு மீட்டர் இறங்கினால் செத்துப்போகும் சுரங்கம்

[காட்சி: உயரத்திலிருந்து ஈரானின் வறண்ட சமவெளி. குரல் மட்டும்.]

மேல இருந்து பார்த்தா எறும்புப் புற்று வரிசை மாதிரி தெரியுது இல்லையா? வட்டமா ஒரு மண்மேடு, நடுவுல ஒரு ஓட்டை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொண்ணு. அதுக்கப்புறம் இன்னொண்ணு. மலையடிவாரத்துல ஆரம்பிச்ச வரிசை கிலோமீட்டர் கணக்கா நேரா வந்து, ஒரு பச்சைத் திட்டுல முடியுது. அந்தப் பச்சைத் திட்டு ஒரு ஊர். பேரீச்சை, மாதுளை, கோதுமை எல்லாம் விளையுற ஊர். சுத்தி எங்கேயும் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழையும் பேருக்குத்தான்.

அந்த ஓட்டைகளுக்குக் கீழே ஒரு சுரங்கம் போகுது. அதுக்குள்ள தண்ணி ஓடுது. மோட்டார் இல்லை, மாடு கட்டி இறைக்கல, ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை. ராத்திரி பகல் பாக்காம தானா ஓடி வருது.

ஈரான்ல இதுக்குப் பேரு கனாத். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானோட பலுசிஸ்தான், சீனாவோட துர்ஃபான் பக்கம் காரேஸ். ஓமன்ல ஃபலஜ். அல்ஜீரியாவுல ஃபொக்காரா, மொராக்கோவுல கெத்தாரா. நம்ம நாட்டுலயும் பீதர்ல காரேஸ் இருக்கு, புர்ஹான்பூர்ல குண்டி பண்டாரா இருக்கு. பேருதான் வேற வேற, வேலை ஒண்ணுதான்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஓடின இந்தச் சுரங்கங்கள் கடைசி அறுபது எழுபது வருஷத்துல வரிசையா வத்திப்போச்சு. “மோட்டார் வந்துச்சு, பழசு போச்சு”ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடலாம். அந்த வரி பாதிதான் உண்மை. மாட்டு வண்டிக்குப் பதிலா லாரி வந்துச்சு, ஆனா லாரி வந்து மாட்டோட காலை உடைக்கல. இங்க மோட்டார் வந்து காலையே உடைச்சிடுச்சு.

[காட்சி: பலகையில் வரைபடம். ஒரு சாய்கோடு, அதுதான் நிலம்.]

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க, ஒண்ணாம் வாய்ப்பாடு அளவுதான்.

மலையடிவாரத்துல நிலம் சரிவா இருக்கும். நூறு மீட்டர் நடந்தா ஒரு மீட்டர் ஏறுதுன்னு வச்சுக்கோங்க. அப்ப ஊர்ல இருந்து 5 கிலோமீட்டர் மலைப்பக்கம் போனா, 50 மீட்டர் உயரத்துல நிப்போம். அங்க ஒரு கிணறு வெட்டுறாங்க. 43 மீட்டர்ல தண்ணி வருது. இதுக்குப் பேரு தாய்க்கிணறு. ஈரான்லயும் அதே அர்த்தத்துலதான் சொல்றாங்க, மாதர் சாஹ்னு.

43 மீட்டர் ஆழத்துல இருந்து தண்ணியை யாரு இறைக்கிறது? யாரும் இறைக்க வேண்டாம். தாய்க்கிணத்துத் தண்ணி மட்டம் ஊரை விட இன்னும் 7 மீட்டர் உசரத்துலதான் இருக்கு. 50-ல 43 போனா 7. தண்ணி கீழ இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா ஊருக்கு அது மேலதான் இருக்கு. அதனால ஊர்ல இருந்து ஒரு சுரங்கத்தை, ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுற மாதிரி, மலையைப் பார்த்து தோண்டிக்கிட்டே போறாங்க. 5 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது சுரங்கத்தோட தரை 5 மீட்டர் உசரத்துல இருக்கும். தண்ணி மட்டம் 7 மீட்டர். அதாவது சுரங்கம் தண்ணிக்குள்ள 2 மீட்டர் முங்கி இருக்கு. அவ்வளவுதான். மண்ணுல ஊறுற தண்ணி சுரங்கத்துக்குள்ள கசிஞ்சு, அந்த மெல்லிய சரிவுல நடந்து ஊருக்கு வந்துடும்.

இந்த 2 மீட்டரை மனசுல வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

சரிவு ரொம்ப முக்கியம். கூடிப்போச்சுன்னா தண்ணி வேகமா ஓடி, அடிமண்ணை அரிச்சு, சுரங்கம் இடிஞ்சு விழும். குறைஞ்சா தண்ணி தேங்கி வண்டல் அடைச்சுக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், சில இடத்துல அதைவிடக் குறைவு, அந்த நூலிழையை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எப்படிப் பிடிச்சாங்க? 11-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல கராஜின்னு ஒரு கணித மேதை, இயற்கணிதத்துல பெரிய பேர் எடுத்தவரு, நிலத்தடித் தண்ணியை வெளிக்கொண்டு வர்றது பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதினாரு. மட்டம் பார்க்கிற கருவிகள் எப்படிச் செய்யணும்னு அதுல விளக்கியிருக்காரு. ஆனா சுரங்கத்துக்குள்ள இறங்கின ஆளு புத்தகம் படிச்சவரு இல்லை.

[காட்சி: இருட்டு. ஒரு எண்ணெய் விளக்கு. மண்ணில் குத்தும் சத்தம்.]

அவருக்குப் பேரு முக்கன்னி. அப்பாகிட்ட இருந்து பையன் கத்துக்கிட்ட தொழில். ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்குத்தான் சுரங்கம் இருக்கும், தோள் இரண்டு பக்கமும் உரசும். கையில குட்டைப் பிடி போட்ட கடப்பாரை, ஒரு சின்ன மண்வெட்டி. நேர்கோட்டுல போறோமான்னு எப்படித் தெரியும்? பின்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு விளக்கு வைப்பாரு. திரும்பிப் பார்த்தா இரண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சு நிக்கணும். விலகித் தெரிஞ்சா கோடு கோணிப்போச்சு. அதே விளக்குதான் மூச்சுக்கும் காவல். சுடர் மங்குச்சுன்னா கெட்ட காத்து, உடனே மேல ஏறிடணும்.

வெட்டின மண்ணைத் தோல்பையில கட்டி, மேல இருக்கிறவங்க மர ராட்டினத்தைச் சுத்தி ஏத்துவாங்க. நாம முதல்ல பார்த்த அந்த ஓட்டைகள் இதுக்குத்தான். மண்ணு வெளிய போக, காத்து உள்ள வர. ஏத்தின மண்ணை ஓட்டையைச் சுத்தியே கொட்டிடுவாங்க. எப்பவாவது ஒரு தடவை வெள்ளம் வந்தா அது உள்ள பாயாம அந்த மேடுதான் தடுக்கும். இளகின மண்ணு வந்தா, சுட்ட களிமண் வளையங்களை வரிசையா உள்ள நிறுத்தி முட்டுக்கொடுப்பாங்க.

கீழ இருந்து மேல நோக்கித் தோண்டுறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. தண்ணி தட்டுப்பட்டதும் அது முதுகுப் பக்கமா வடிஞ்சு ஓடிடணும். ஆனா கடைசியில தண்ணி நிக்கிற கிணத்தை உடைச்சுச் சேர்க்கும்போது மொத்தமும் முகத்துல வந்து அடிக்கும். அந்த நிமிஷத்துல போன உயிர்கள் நிறைய. முக்கன்னிகள் வெள்ளை உடுப்புலதான் இறங்குவாங்கன்னு சொல்வாங்க. உள்ள மண்ணு விழுந்தா அதுவே கோடித்துணி.

இப்படி வெட்டினதுதான் ஈரானோட கொனாபாத் ஊர்ல இருக்கிற கசபே கனாத். நீளம் 33 கிலோமீட்டர். தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் கூடுதல் ஆழம். 400-க்கும் மேல செங்குத்துக் கிணறுகள். வயசு சுமார் 2,500 வருஷம். இன்னமும் தண்ணி வருது. 2016-ல யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமா அறிவிச்ச 11 கனாத்துகள்ல இதுவும் ஒண்ணு.

இவ்வளவு கஷ்டப்பட்டு யாரு செய்வாங்க, எதுக்குச் செய்வாங்கன்னு தோணும். கிரேக்க வரலாற்று ஆசிரியர் போலிபியஸ் ஒரு தகவல் எழுதி வச்சிருக்காரு. தண்ணி இல்லாத நிலத்துக்கு யார் தண்ணி கொண்டு வர்றாங்களோ, அந்த நிலத்தை அவங்க ஐந்து தலைமுறைக்கு அனுபவிக்கலாம்னு பாரசீகர்கள் ஆட்சியில உரிமை கொடுத்தாங்களாம். பேரனோட பேரன் வரைக்கும்! அப்படி ஒரு வாக்குறுதி இருந்தாத்தான் ஒரு மனுஷன் 33 கிலோமீட்டர் தோண்டத் துணிவான்.

[காட்சி: அல்ஜீரியா, துவாத் பாலைவனச் சோலை. கல்லில் செதுக்கிய சீப்பு போன்ற வாய்க்கால்.]

தண்ணி ஊருக்கு வந்துடுச்சு. இப்ப அதைப் பங்கு போடணும். என்னைக் கேட்டா, சுரங்கம் வெட்டுறதை விட இதுதான் கஷ்டம்.

அல்ஜீரியாவோட துவாத், திதிகெல்த் பகுதியில ஃபொக்காரா தண்ணி வெளிய வர்ற இடத்துல, சீப்புப் பல்லு மாதிரி வெட்டின ஒரு கல் தடுப்பு இருக்கும். ஒவ்வொரு இடுக்கு வழியாவும் ஒரு குடும்பத்தோட பங்கு போகும். இடுக்கோட அகலம்தான் பங்கு. அளக்கிறதுக்குன்னே ஒரு ஆள், தண்ணி அளப்பவர். அவர் கையில ஓட்டை ஓட்டையா போட்ட ஒரு செப்புத் தகடு. தகட்டைத் தண்ணியில குறுக்க வச்சு, எத்தனை ஓட்டை வழியா ஓடுதோ அதை எண்ணுவாரு, மிச்ச ஓட்டையைக் களிமண் வச்சு அடைப்பாரு. மட்டம் ஏறாம இறங்காம நிக்கிற வரைக்கும் களிமண்ணை எடுத்து வச்சு, எடுத்து வச்சு... பக்கத்துல பங்காளிகள் எல்லாரும் நின்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கணக்கு எழுத்துல ஏறும். சொத்து பாகம் பிரியுற போது தண்ணியும் பிரியும், இடுக்கு இன்னும் குறுகும்.

ஈரான்ல நேரக் கணக்கு. ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணி, அதுல அடியில ஊசித்துளை போட்ட ஒரு செப்புக் கிண்ணம் மிதக்கும். கிண்ணம் நிறைஞ்சு முங்கினா ஒரு கணக்கு. உனக்கு இத்தனை கிண்ணம், எனக்கு இத்தனை கிண்ணம். ராத்திரி முழுக்க ஒரு ஆள் கண் கொட்டாம உக்காந்து கூழாங்கல் போட்டு எண்ணணும். ஓமன்ல பகல்ல கம்பு நிழல், ராத்திரியில நட்சத்திரம். அங்க இன்னொரு ஒழுங்கும் உண்டு. ஃபலஜ் தண்ணி ஊருக்குள்ள நுழைஞ்சதும் முதல் இடம் குடிக்கிறவங்களுக்கு. அப்புறம் பள்ளிவாசல், குளிக்கிற இடம். அதுக்கும் பின்னாலதான் தோட்டம்.

இதைச் சொல்லும்போதே ஒண்ணையும் மறைக்காம சொல்லிடணும். பழசு எல்லாம் பொன்னுன்னு பேசுற வீடியோ இல்லை இது. சகாராவுல ஃபொக்காரா வெட்டினதும் தூர்வாரினதும் பெரும்பாலும் அடிமைகளும் அவங்க வம்சத்து ஆட்களும்தான். ஈரான்ல கனாத்துக்குக் காசு போட்டவர் நிலப்பிரபு. விளைச்சல்ல பெரும்பங்கு அவருக்கே போச்சு. வேலை செஞ்சவன் கையில வந்தது மிச்சம் மீதி. தண்ணி நியாயமா ஓடினதால ஊர் நியாயமா இருந்துச்சுன்னு அர்த்தம் கிடையாது.

[காட்சி: கருப்பு வெள்ளைப் படங்கள். டிராக்டர், போர் போடும் வண்டி.]

வீழ்ச்சி இங்கதான் ஆரம்பிக்குது.

1963-ல ஈரான்ல ஷா மன்னர் வெள்ளைப் புரட்சின்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாரு. அதுல நிலச் சீர்திருத்தம் முக்கியமான அம்சம். பெரிய பண்ணைகளைப் பிரிச்சு உழுதவங்களுக்குக் கொடுத்தாங்க. கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனா நிலம் துண்டு துண்டா ஆச்சு, சுரங்கம் மட்டும் ஒண்ணாவே இருந்துச்சு. வருஷா வருஷம் தூர்வாரணும், இடிஞ்ச இடத்தை எடுத்துக் கட்டணும், முக்கன்னிக்குக் கூலி கொடுக்கணும். முன்னாடி ஒருத்தர் கொடுத்தாரு. இப்ப ஐம்பது பேர்கிட்ட வசூல் பண்ணணும். நாற்பது பேர் கொடுத்து பத்து பேர் கொடுக்கலன்னா வேலை நடக்காது. 1968-ல தண்ணியையே தேசியமயமாக்கிச் சட்டம் வந்துச்சு. அதுவரைக்கும் ஊர் பார்த்துக்கிட்ட முறை, பங்கு, சண்டை, சமாதானம் எல்லாத்துக்கும் மேல அரசாங்க அலுவலகம் வந்து உக்காந்துச்சு.

அதே காலத்துல ஆழ்துளைக் கிணறு வந்தது. போர் போட்டா யார்கிட்டயும் வசூல் பண்ண வேண்டாம், முறை காத்துக்கிட்டு உக்காற வேண்டாம். சுவிட்சைத் தட்டினா தண்ணி. போர் போட்ட விவசாயி முட்டாளும் இல்லை, பேராசைக்காரனும் இல்லை. அவன் இடத்துல நான் இருந்தாலும் போர்தான் போட்டிருப்பேன். இன்னொண்ணும் சொல்லணும். கனாத்துக்கு ஒரு குறை எப்பவும் இருந்தது. குளிர்காலத்துல வயலுக்குத் தண்ணி வேண்டாத நாள்லயும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நிறுத்த முடியாது. “வீணாப் போகுது பாரு”ன்னு பொறியாளர்கள் சொன்னதுல அர்த்தம் இருக்கு. இதுக்கும் இஸ்ஃபஹான் மாகாணத்து வஸ்வான் ஊர்க்காரங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. சுரங்கத்துக்குள்ளயே ஒரு அணை. குளிர்காலத்துல அடைச்சு வைப்பாங்க, தண்ணி பின்னாடி மண்ணுலயே தேங்கும். வசந்தம் வந்ததும் திறந்து விடுவாங்க.

[காட்சி: முந்தைய வரைபடம் மறுபடியும். தண்ணீர் மட்டக் கோடு மெதுவாக இறங்குகிறது.]

இப்ப அந்த 2 மீட்டருக்கு வருவோம்.

நம்ம வரைபடத்துல சுரங்கத்தோட முழு நீளம் 5 கிலோமீட்டர். அதுல தண்ணி ஊறுற பகுதி, அதாவது நிலத்தடி நீருக்குள்ள முங்கி இருக்கிற பகுதி, மேல்கோடியில ஒரு 500 மீட்டர்தான். மிச்சம் நாலரை கிலோமீட்டர் வெறும் குழாய் வேலைதான் பார்க்குது. அந்த 500 மீட்டர்லயும் கடைசி முனையிலதான் 2 மீட்டர் ஆழம், ஊரைப் பார்த்து வர வர அது குறைஞ்சு பூஜ்யம் ஆயிடும்.

பக்கத்துல பத்து போர் போடுறாங்க. ஒவ்வொண்ணும் 150 மீட்டர் ஆழம். சில வருஷத்துல நீர்மட்டம் 1 மீட்டர் இறங்குது. போர்க்காரங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, 150-ல ஒண்ணு. கனாத்துக்கு? ஊறுற பகுதி 500-ல இருந்து 250 மீட்டர் ஆயிடுச்சு. இன்னும் 1 மீட்டர் இறங்குது. முடிஞ்சது. 5 கிலோமீட்டர் சுரங்கமும் அப்படியே இருக்கு, ஒரு கல்லு கூட இடியல, ஆனா ஒரு சொட்டு வராது.

சண்டை போட்டுத் தோத்திருந்தாலாவது பரவாயில்லை. போரும் கனாத்தும் ஒரே தட்டுல இருந்து சாப்பிடுது, ஒருத்தருக்கு மட்டும் நீளமான கரண்டி.

காப்பாத்த வழி இல்லையா? இருக்கு. சுரங்கத்தை மலைப்பக்கம் இன்னும் நீட்டணும். எவ்வளவு? நம்ம கணக்குல 2 மீட்டர் இறக்கத்துக்கு 500 மீட்டர் நீட்டணும். கையால. நூறு மீட்டருக்கு இத்தனைன்னு புதுக் கிணறுகள், அதுவும் பழையதை விட ஆழமா. அதை முடிக்கிறதுக்குள்ள போர்க்காரர் கூட ஒரு குழாய் இறக்கிடுவாரு, ஒரே நாள்ல.

கவனிச்சீங்கன்னா இதுக்குள்ள ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. கனாத்தால நிலத்தடி நீரைக் காலி பண்ணவே முடியாது. சுரங்கத் தரைக்குக் கீழ இருக்கிற தண்ணியை அது தொடாது. மழை குறைஞ்சா அதுவும் குறையும், மழை வந்தா கூடும். ஊர் எவ்வளவு பெரிசாகலாம்னு அந்தத் தரைமட்டம் முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருந்துச்சு. இது யாரோட நல்ல மனசும் இல்லை, வெறும் உயரக் கணக்கு. மோட்டாருக்கு அந்த எல்லை கிடையாது. கரண்ட் பில்லு ஒரு எல்லையா இருந்திருக்கலாம். பலுசிஸ்தான்ல ஆழ்துளைக் கிணத்துக்கு மானிய மின்சாரம் கொடுத்தாங்க, அந்த எல்லையும் போச்சு. பெரும்பாலான காரேஸ் வறண்டுச்சு, பின்னாலயே போரும் ஆழம் போய்க்கிட்டே இருக்கு. ஆப்கானிஸ்தானோட தெற்குல இப்ப சூரிய சக்தி மோட்டார். டீசல் இருந்தப்பவாவது காசு தீர்ந்தா மோட்டார் நிக்கும். வெயிலுக்கு யாரு பில் போடுறது?

[காட்சி: வரைபடம் மறைந்து உலக வரைபடம். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]

எல்லா இடத்துலயும் மோட்டார் மட்டுமே காரணம்னு சொல்லிடவும் முடியாது.

மொராக்கோவோட தஃபிலால்த்ல, ஸீஸ் ஆத்துக்குக் குறுக்கே 1971-ல ஹசன் அத்தாகில் அணை கட்டி முடிச்சாங்க. ஆத்து வெள்ளம் கீழ வந்து பரவி மண்ணுல இறங்குறது குறைஞ்சுது, கூடவே மோட்டாரும் வந்துச்சு, கெத்தாராக்கள் வரிசையா ஓய்ஞ்சுது. ஆப்கானிஸ்தான்ல போர். நான் சொல்றது துப்பாக்கிப் போர். சோவியத் படை இருந்த காலத்துல கிராமத்து ஜனங்க ஒளிஞ்சுக்க காரேசுக்குள்ள இறங்கினாங்க. 1982 செப்டம்பர்ல லோகர் மாகாணத்துல ஒரு கிராமத்துல, அப்படி ஒளிஞ்சிருந்தவங்க மேல சோவியத் படையினர் எரிபொருளை ஊத்திக் கொளுத்தினாங்க. நூறு பேருக்கு மேல செத்தாங்க. தண்ணி கொடுத்த சுரங்கம். ஈரானோட பாம் நகரத்துல 2003 நிலநடுக்கம், பேரீச்சந் தோப்புகளுக்குத் தண்ணி கொடுத்த கனாத்துகள் பல இடத்துல இடிஞ்சுது.

இராக்கோட குர்திஸ்தான் பகுதியில 2009-ல யுனெஸ்கோ கணக்கெடுத்தாங்க. மொத்தம் 683 காரேஸ். அந்த ஆகஸ்டுல தண்ணி வந்தது 116-ல மட்டும்தான். 2005-ல இருந்து அதுவரைக்கும், தண்ணி இல்லாம ஊரை விட்டுப் போனவங்க ஒரு லட்சம் பேருக்கும் மேல. வறட்சி பாதி, மோட்டார் பாதின்னு சொன்னாங்க. ஒரு காரேஸ் வத்தினா ஒரு ஊர் காலி. அந்த ஊருக்கு வேற காரணமே கிடையாது அங்க இருக்கிறதுக்கு.

[காட்சி: தெஹ்ரானுக்கு வெளியே வயல். தரையில் நீண்ட விரிசல்.]

திரும்ப நிரப்பிட முடியாதா, நல்ல மழை வந்தா சரியாயிடாதான்னு கேப்பீங்க. சில இடத்துல சரியாகும். சில இடத்துல ஆகாது. மண் துகள்களுக்கு நடுவுல தண்ணி இருந்த வரைக்கும் அது மேல இருக்கிற பாரத்தைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. தண்ணியை உறிஞ்சி எடுத்தா, களிமண் அடுக்கு நசுங்கும். நசுங்கின பஞ்சு திரும்ப உப்பும், நசுங்கின களிமண் உப்பாது. தண்ணி இருக்கிற இடமே இல்லாமப் போயிடும். தெஹ்ரானைச் சுத்தி இருக்கிற சமவெளியில சில இடங்கள்ல தரை வருஷத்துக்கு 25 சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கியிருக்குன்னு செயற்கைக்கோள் அளவீடு காட்டுது. நாலு வருஷத்துல ஒரு மீட்டர். அந்தத் தெஹ்ரான் நகரமே ஒரு காலத்துல கனாத் தண்ணி குடிச்சு வளர்ந்த ஊர்.

தரை இறங்கினா சுரங்கத்தோட சரிவும் மாறும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்னு நூல் பிடிச்சு வச்ச சரிவு. நடுவுல அரை மீட்டர் தொய்ஞ்சுதுன்னா அங்கயே தண்ணி தேங்கி நிக்கும்.

[காட்சி: யஸ்த் நகரம். மண் வீடுகள், காற்றுக் கோபுரங்கள்.]

இப்ப என்ன நடக்குது? ஈரானோட யஸ்த்ல கனாத்துக்குன்னே யுனெஸ்கோ ஆதரவுல 2005-ல ஒரு சர்வதேச மையம் தொடங்கினாங்க. ஓமன்ல இன்னும் சுமார் 3,000 ஃபலஜ் ஓடுது, அதுல ஐந்து 2006-ல மரபுச் சின்னமாச்சு. அல்ஜீரியாவோட தண்ணி அளப்பவர்கள் கலையை 2018-ல யுனெஸ்கோ, அவசரமாப் பாதுகாக்க வேண்டிய பட்டியல்ல சேர்த்துது. அந்தப் பட்டியலோட பேரைப் படிச்சாலே நிலைமை புரியும். பீதர்ல நௌபாத் காரேஸைத் தூர்வாரி வெளிய கொண்டு வந்தாங்க. துர்ஃபான்ல காரேசுக்கு அருங்காட்சியகம் இருக்கு, டிக்கெட் வாங்கிட்டு இறங்கிப் பார்க்கலாம்.

மரபுச் சின்னம்னு பலகை வச்சா சுரங்கம் இடியாம இருக்கும். தண்ணி வரணும்னா பலகை வைக்க வேண்டிய இடம் வேற. தாய்க்கிணத்தைச் சுத்தி, இத்தனை தூரத்துக்குள்ள போர் போடக்கூடாதுன்னு. பழைய இஸ்லாமியச் சட்டத்துல இதுக்குப் பேரே உண்டு, ஹரீம். கனாத்தைச் சுத்தி யாரும் கிணறு வெட்டக் கூடாத எல்லை. ஆனா மாட்டு ராட்டினத்தால இறைக்கிற கிணத்தை மனசுல வச்சுப் போட்ட தூரம் அது. 150 மீட்டர் ஆழத்துல இருந்து உறிஞ்சுற குழாய் அந்த எல்லைக்கு வெளிய நின்னுக்கிட்டே உள்ள இருக்கிறதை இழுத்துடும்.

[காட்சி: அல் ஐன், ஐக்கிய அரபு அமீரகம். பேரீச்சை நிழல். சிமெண்ட் பூசிய வாய்க்காலில் தெளிந்த தண்ணீர்.]

இது அல் ஐன் சோலை. இந்தப் பகுதியில மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின ஃபலஜ்களைத் தோண்டி எடுத்திருக்காங்க. வாய்க்கால்ல தண்ணி ஓடுது, கேக்குதா? குழந்தைங்க கால் நனைக்குது. வாய்க்கா மேல பலகை மடை, முறைப்படி திறந்து மூடுறாங்க, ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கு போகுது.

வாய்க்காலைப் பிடிச்சுக்கிட்டே மேல போனா, ஒரு இடத்துல மோட்டார் சத்தம் கேக்கும். நிலத்தடி நீர் சுரங்கத்தை விட்டுக் கீழ இறங்கினதால, போர்த் தண்ணியை இறைச்சு ஃபலஜுக்குள்ள விடுறாங்க.

[காட்சி: வாய்க்கால். தண்ணீர்ச் சத்தமும் மோட்டார் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. திரை இருள்கிறது.]